ஏழு கையொப்பங்கள்

சென்ற தை மாதத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. மாலையில் ரொக்கப் புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணைக்கு வந்தபோது, தார் சுற்றும் கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் நால்வரும் சாயப் பட்டறையைச் சேர்ந்த ஆடவர் இருவரும் நமக்காகக் காத்து நின்றனர். அவர்களுள் மூத்தவராகிய அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஐயா, நாங்க ஒரு சங்கம் வைக்கலாங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மேலாளர் சிரித்துவிட்டார். "இதுவே சங்கந்தானே! சங்கத்துக்குள்ளே இன்னொரு சங்கம் எதுக்கு?" என்றார். நாமும் அவரோடு சேர்ந்து புன்முறுவல் செய்தோம். "கூட்டுறவில் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை, அம்மா. உங்கள் குறையை நிர்வாகக் குழுவிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க விரைந்தோம்.

பங்குனியில் மீண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. அம்மையாரையும் அவருடன் வந்திருந்த பெண்கள் இருவரையும் கூடத்தில் காணோம். "நூல் வரவில்லை, வந்ததும் கூப்பிடுவோம்" என்று அவர்களிடம் சொல்லியிருப்பதாக மேலாளர் தெரிவித்தார். மற்ற இராட்டைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. நூல் இருப்புப் பேரேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினோம். அம்மூவரும் வீட்டில் இருந்த நாள்களில் நூல் இருப்பு இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. தை மாதத்தில் நாம் உதிர்த்த சொல் எங்கே போய் விழுந்தது என்பது அப்போது விளங்கியது. ஆய்வாளரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்ற துணிவில்தான் அவர்களுடைய இராட்டைகள் நிறுத்தப்பட்டிருந்தன. நாம் சொன்னது தவறு. எவ்வாறு தவறு என்பதை நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களும் சங்க இயக்குநர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

குழப்பம் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. தமிழில் பஜனை மண்டலியும் சங்கம், பால் கொள்முதல் செய்வதும் சங்கம், ஆலைத் தொழிலாளர் கூடுவதும் சங்கம். ஆனால் கூட்டுறவுச் சங்கம் என்பது பங்குத்தொகை செலுத்திய உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் தொழில். தொழிற்சங்கம் என்பது தம் உழைப்பின் நிபந்தனைகளைப் பற்றிப் பேசுவதற்காக உழைப்போர் சேர்ந்த சேர்க்கை. இரண்டுக்கும் பதிவாளர்கள் உண்டு. அப்பதிவாளர்கள் வேறு வேறு துறையினர். நாம் குறிப்பிட்ட சங்கத்தில் தறி நெசவோர் உறுப்பினர்கள். தார் சுற்றுவோர், சாயம் தோய்ப்போர், பாவு ஓட்டுவோர் என்ற ஏறத்தாழ நாற்பது பேருக்குப் பங்கும் இல்லை, வாக்கும் இல்லை. கூலி மட்டுமே உண்டு. அவர்களிடம் "நீங்களும் முதலாளிகளே" என்று நாம் சொன்னது எத்துணைப் பொருந்தாப் பேச்சு!

அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்குச் சங்கங்கள் அமைக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக அளிக்கிறது. 97-ஆவது திருத்தத்தின் வாயிலாக, 2012 பிப்ரவரி முதல், அதே உட்பிரிவில் 'கூட்டுறவுச் சங்கங்கள்' என்ற சொற்களும் சேர்க்கப்பட்டன. அத்திருத்தத்தின் வேறொரு பெரும் பகுதி மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் இவ்வுட்பிரிவுக்கு ஊறு நேரவில்லை. ஆகவே நெசவாளர் கூட்டுறவு அமைக்கும் உரிமையும் தார் சுற்றுவோர் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் இன்று ஒரே வரியில் அருகருகே நிற்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க வழியில்லை.

கூட்டுறவு நிறுவனம் என்பதனால் தொழிலாளர் சட்டங்கள் வாசலிலேயே நின்றுவிடும் என்று கருதுவோர் நம் துறையில் இன்றும் உளர். கூட்டுறவு மத்திய வங்கி வழக்கில் 1969-இலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்துவிட்டது. ஊழியர்களின் ஊதியம், பணி நிபந்தனை ஆகியவற்றை மாற்றக் கோரும் தகராறு, கூட்டுறவுப் பதிவாளர் தீர்க்கத்தக்க 'சங்கத்தின் அலுவல்' அன்று. அது தொழில் தீர்ப்பாயத்துக்கு உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நிற்க. இவ்வுரிமை சட்டப் புத்தகத்துள் தானாக முளைத்ததன்று. அது சட்டமாக எழுந்த கதைக்கு நம் சென்னைப் பெரம்பூரே தொடக்கம். அதுவும் ஒரு துணிக்கடையில். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளுக்கு அண்மையில் கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரிடம் ஆலைத் தொழிலாளர் தம் துன்பங்களைச் சொல்லிக்கொள்வது வழக்கம். நண்பகல் உணவுக்கு அரை மணி நேரமே அவகாசம் என்பதும் அத்துன்பங்களுள் ஒன்று. அவரும் கோ. இராமானுஜுலு நாயுடுவும் முயன்று பி.பி. வாடியாவை அழைத்துவர, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். முறையான அமைப்பும் சந்தாவும் கொண்ட தொழிற்சங்கங்களுள் இந்நாட்டில் அதுவே முதலாவது என்பர்.

சங்கம் பிறந்துவிட்டது, அதற்குச் சட்டத்தின் கண்ணில் உயிர் இல்லை. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை கதவடைக்கப்பட்டிருந்த வேளையில், ஆலை நிர்வாகத்தார் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரைப் பணி ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள், அதனால் தமக்கு நட்டம் நேர்ந்தது என்பது வழக்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. ஆங்கிலப் பொதுச் சட்டப்படி அன்று அது சரிதான்! ஒருவன் வேலைக்குப் போகாமல் இருப்பது குற்றமன்று. பலர் கூடிப் போகாதிருக்க முடிவு செய்தால் அது சதியாகவும், அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பாளராகவும் ஆகலாம். முடிவில் வாடியா தொழிற்சங்கத் தொடர்பை விட்டு விலகுவது என்ற ஏற்பாட்டின்மீது வழக்கு கைவிடப்பட்டது. 1921-இன் பெரிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியால் பிளவுண்டதும், புளியந்தோப்பில் கலகமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்ததும் இதனைத் தொடர்ந்த துயரங்கள்.

ஆனால் அந்த வழக்கு வேறொரு பயனை விளைத்தது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காப்பாற்றவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். ஐந்தாண்டு கழித்து 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி இரண்டு பிரிவுகள். பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான நோக்கத்திற்காக உறுப்பினர்கள் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குற்றச் சதி என்று தண்டிக்கலாகாது என்பது 17-ஆம் பிரிவு. தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்திற்காக மட்டும் சிவில் வழக்குத் தொடுக்கலாகாது என்பது 18-ஆம் பிரிவு. வாடியாவைப் பிணித்த கயிற்றை அறுத்தது இதுவே. அடிதடிக்கும் சொத்தை நாசம் செய்வதற்கும் இக்காப்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதுவும், 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமும், நிலையாணைகள் சட்டமும் ஒன்றாக்கப்பட்டுத் 'தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு' என்ற பெயரில் 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின; 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தின் மேற்கண்ட இரு காப்புகளும் புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன.

பதிவு செய்யும் முறையும் பெரிதும் பழையதே. உறுப்பினர் எழுவர் சங்க விதிகளில் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க வேண்டும். எழுவர் மட்டும் போதாது. விண்ணப்பிக்கும் நாளில் அந்த நிறுவனத்தில் அல்லது அத்தொழிலில் உள்ளோருள் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராய் இருத்தல் வேண்டும். இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் நூறு பேர் போதும். நம் சங்கத்தைப் போல நாற்பது பேர் உள்ள இடத்தில் பத்தில் ஒரு பங்கு நால்வரே எனினும், ஏழு என்ற எண்ணிக்கைக்குக் கீழே இறங்க முடியாது. சங்கத்தின் பெயர், தலைமை அலுவலக முகவரி, நிர்வாகிகளின் பெயர், வயது, தொழில், முகவரி, விதிகளின் படி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். நிதி எவற்றுக்குச் செலவிடப்படும், கணக்கு எவ்வாறு தணிக்கை செய்யப்படும், உறுப்பினர் பட்டியலை யார் வைத்திருப்பர், சங்கத்தை எவ்வாறு கலைப்பது என்பன விதிகளில் இருத்தல் அவசியம். கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கடினமான வேலையே அன்று.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய ஒரு சிறு விதி உண்டு. தொழிற்சங்கம் ஒன்றின் வாழ்வில் மிகவும் ஆபத்தான காலம் எது? வேலைநிறுத்தமன்று, முதல் கையொப்பத்திற்கும் பதிவுச் சான்றுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே. அப்போதுதான் ஏழு பெயர்கள் தாளில் இருக்கின்றன. சங்கமோ இன்னும் இல்லை. முதலாளியின் கையில் அப்பட்டியல் கிடைத்தால் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசலாம். ஒருவரின் மகனுக்கு வேலை தருவதாகச் சொல்லலாம். இன்னொருவரிடம் முன்பணக் கடனை நினைவூட்டலாம். சட்டம் இயற்றியோர் இதனை அறிந்தே இருந்தனர். விண்ணப்பித்த பின்பு, பதிவுக்கு முன்பு, விண்ணப்பித்தோரில் பாதிக்கு மேற்படாதவர்கள் விலகிக்கொண்டாலும் அக்காரணத்தால் மட்டும் விண்ணப்பம் செல்லாததாகிவிடாது என்று 1928-இலேயே திருத்தமாக எழுதிச் சேர்த்தனர்; புதிய தொகுப்பும் அதனைக் காத்துள்ளது. எழுவரில் மூவர் அஞ்சிப் பின்வாங்கினாலும் நால்வர் நின்றால் விண்ணப்பம் நிற்கும். மனிதருக்கு அச்சம் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு இடம் விட்டு எழுதப்பட்ட விதி இது. எட்டாவது ஒன்பதாவது கையொப்பமும் வாங்கி வைப்பது அதனினும் நன்று.

அச்சுறுத்துவோருக்கும் சட்டம் எச்சரிக்கை செய்கிறது. தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுதல், சேர்ந்தவரைப் பழிவாங்க நீக்குதல், நிர்வாகமே தனக்கு இசைவான சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தல் ஆகியன 'நேர்மையற்ற தொழில் நடைமுறைகள்' என்று தொகுப்பின் இரண்டாம் அட்டவணையில் பட்டியலிடப்பட்டுள்ளன. அபராதம் குறைந்தது பத்தாயிரம் ரூபாய். இரண்டு இலட்சம் வரை போகலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதச் சிறைக்கும் இடம் இருந்தது. முதல் குற்றத்திற்கு இப்போது அபராதமே. பணத்தால் தீர்ந்துவிடும் தண்டனை ஒரு பெரிய ஆலையை எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதில் நமக்கு ஐயம் உண்டு. சிறு சங்கத்தையோ அது கடுமையாகவே தாக்கும். இயக்குநர்கள் இதனைக் குறித்துக்கொள்க. வேலை நீக்கப்பட்டவர், சங்கம் பதிவாகாத நிலையிலும், தாம் ஒருவராகவே சமரச அலுவலரிடம் பிராது கொடுக்கலாம்.

"நான் வீட்டிலேயே தார் சுற்றுகிறேன், எனக்கு முதலாளி யார்?" என்று கேட்கும் பெண்களும் நம் ஊர்களில் பலர். இக்கேள்விக்கு அகமதாபாத்தில் விடை கிடைத்தது. 1972-இல் இலா பட் அம்மையார், தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி விற்போர் முதலிய பெண்களுக்காகச் 'சேவா' என்னும் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். "உங்களுக்கு முதலாளி என ஒருவர் இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று தொழிலாளர் துறை தயங்கியது. சங்கம் எவரையும் எதிர்ப்பதற்கே என்பதில்லை. உழைப்போர் தமக்குள் ஒன்றுபடவும் சங்கம் வேண்டும் என்று வாதிட்டனர். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவு மட்டுமன்றித் தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்துவதும் தொழிற்சங்கமே என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கணம் இடம் தந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பதிவு கிடைத்தது. இரண்டாண்டில் அப்பெண்கள் நாலாயிரம் பேர் தலைக்குப் பத்து ரூபாய் பங்கெடுத்துத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையும் தொடங்கினர். தொழிற்சங்கமும் கூட்டுறவும் பகையென்று எண்ணுவோர் அவ்வங்கியின் வரலாற்றை அறிதல் நன்று.

இன்று அந்த வாதமே வேண்டியதில்லை. தொழிற்சங்கம் அமைப்பதைப் பொறுத்தவரை, அமைப்புசாராத் தொழிலாளரும் 'தொழிலாளர்' என்பதில் அடங்குவர் என்று தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர் அதில் சேர்ந்தவர். இராட்டை அவருடையதா, நூல் கொடுத்தவருடையதா என்பது ஒரு தடையன்று.

பயிர்த்தொழில் செய்யும் அன்பர்களும் இது ஆலைக்காரர் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஆலைத் தொழிலாளருக்கு உள்ள சங்க உரிமை வயலில் உழைப்போருக்கும் உண்டு என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1921-ஆம் ஆண்டு உடன்படிக்கையை 1923-இலேயே இந்தியா ஏற்றது. ஏற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டதும், அதற்காகச் சங்கத்தில் ஒன்றுபட்டதுமே அப்பகைக்கு மூலம். நிலவுடைமையாளருக்கும் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. தமக்குச் சங்கம் உரிமை, கூலியாளுக்கு அது கலகம் என்ற எண்ணமே அத்தீயை மூட்டியது என்று சொல்லத் தோன்றுகிறது. மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

உரிமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை; வேலைநிறுத்தம் அவ்வாறன்று என்று வங்கி ஊழியர் வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இன்றைய தொகுப்பின்படி பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்தல் தவறு. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமாகவே கருதப்படும். பதிவு வேறு, பேச்சுவார்த்தைக்கு அங்கீகாரம் வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள இடத்தில் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்றதே தனித்துப் பேசும் சங்கமாகும். எதற்கும் அவ்வளவு ஆதரவு இல்லையெனில் பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும்.

பதிவும் எப்போதும் எளிதில் கிட்டுவதன்று. சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலியோடு சங்கப் பதிவும் பெரும் பிரச்சினையாய் இருந்தது. ஆலையின் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கலாகாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. சென்னை உயர்நீதிமன்றம் காலவரையறை விதித்த பின், 2025 ஜனவரியில் பதிவு நிகழ்ந்தது.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்த பின் சித்திரையில் மூன்றாம் முறை அவ்வூருக்குச் சென்றோம். நிர்வாகக் குழுவினரிடம் பேரேட்டைத் திறந்து வைத்து, நூல் இருந்த நாள்களையும் மூவருக்கு வேலை மறுக்கப்பட்ட நாள்களையும் எதிரெதிராக எழுதிக் காட்டினோம். தலைவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நாளையிலிருந்து வரச் சொல்லுங்க" என்று மேலாளரிடம் கூறினார். மறுக்கப்பட்ட நாள்களின் கூலியைப் பற்றி அன்று முடிவு ஏற்படவில்லை. அதனை நம் ஆய்வறிக்கையில் எழுதியுள்ளோம்.

வெளியே அந்த அம்மையாரைச் சந்தித்து, தை மாதத்தில் நாம் சொன்னது பிழை என்று தெரிவித்தோம். அவர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஐந்து கையொப்பங்களும் ஒரு பெருவிரல் ரேகையும் இருந்தன. ஏழாவது ஆள் சாயப் பட்டறையில் இருக்கிறார், அவர் மனைவியைக் கேட்டுவிட்டுப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு, "சங்கத்துக்கு ஆபீசு விலாசம் போடணுமாமே, வாடகை வீட்டு விலாசம் போடலாங்களா ஐயா?" என்று கேட்டார். போடலாம் என்றோம்.